வாஷர் தண்ணீர் பீய்ச்சவில்லையா? பம்ப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

காரின் கண்ணாடியைக் கழுவும் வாஷருக்காக வைப்பர் லீவரை இழுக்கிறோம், கண்ணாடியில் தண்ணீர் விழவில்லை. உடனே வாயில் வரும் வார்த்தை, "மோட்டார் போச்சு." நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதைப் போட்ட பிறகும் தண்ணீர் வராமல் விழிப்பவர்கள் நிறைய. உண்மையான காரணம், தண்ணீர் பீய்ச்சும் முனையான நாஸிலின் துளையில் கடுகளவு கசடாக இருக்கும். அல்லது பானெட் கீலருகே கழன்று தொங்கும் ஹோஸ், பச்சை பூத்துப்போன கனெக்டர். புதுப் பாகம் எதுவுமே வாங்காமல் முடிந்துவிடக்கூடிய வேலை இது. தண்ணீர் போகும் வழியையும் மின்சாரம் போகும் வழியையும் வரிசை தவறாமல் பார்த்துக்கொண்டே போனால் கோளாறு தானாக அகப்படும்.

சின்ன விஷயம்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். எதிர்வெயிலில் தூசி படிந்த கண்ணாடி வெள்ளைத் திரையாக மாறிவிடும். அந்த நேரத்தில் வறண்ட கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் மணல் துகள்கள் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கி அரைவட்டக் கீறல்களைப் போடும். இரவில் எதிரே வரும் விளக்குகள் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறும். அப்புறம் கண்ணாடியையே மாற்ற வேண்டிவரும். வாஷர் சரியாக இருப்பது கண்ணுக்கும் காசுக்கும் பாதுகாப்பு.

தண்ணீர் போகும் வழி

முன்பம்பருக்குப் பின்னாலோ, முன்சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறைக்குப் பின்னாலோ வாஷர் டேங்க் இருக்கும். அதன் வாய் மட்டும் பானெட்டுக்குள் எட்டிப்பார்க்கும். மூடியில் கண்ணாடியும் அதன்மேல் தண்ணீர்த் தாரையும் வரைந்த குறி இருக்கும். டேங்கின் அடிப்பகுதியில் ஒரு ரப்பர் புஷ், அதில் செருகியிருப்பது பம்ப். கட்டைவிரலை விடச் சற்றுப் பருமனான 12 வோல்ட் மோட்டாரும், அதன் அடியில் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சின்ன விசிறியும் சேர்ந்ததுதான் அது. பல கார்களில் ரப்பர் புஷ்ஷுக்குள்ளேயே ஒரு வலை வடிகட்டி இருக்கும்.

பம்பிலிருந்து மெல்லிய ஹோஸ் கிளம்பி, இன்ஜின் பகுதியின் ஓரமாக ஏறி, பானெட் கீலைத் தாண்டி நாஸிலுக்குப் போகும். வழியில் ஓரிடத்தில் டி வடிவ இணைப்பு அதை இரண்டாகப் பிரிக்கும். தண்ணீர் திரும்பி டேங்குக்கு வடிந்துவிடாமல் தடுக்க ஒருவழி வால்வு ஒன்று நடுவில் இருக்கும். சில கார்களில் அது டி இணைப்புக்குள்ளேயோ நாஸிலுக்குள்ளேயோ அடங்கியிருக்கும். சில மாடல்களில் நாஸில் பானெட்டில் இல்லாமல் வைப்பர் கையிலேயே இருக்கும்.

மின்சாரத்தின் வழி வேறு. பேட்டரி, ஃபியூஸ், ஸ்டியரிங் பக்கத்து லீவரில் உள்ள சுவிட்ச், பம்ப், அங்கிருந்து எர்த் (காரின் உடல் வழியாகப் பேட்டரியின் மைனஸ்). சில கார்களில் நடுவில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உண்டு. புதிய கார்களில் லீவர் நேரடியாக மின்சாரம் அனுப்புவதில்லை. கட்டுப்பாட்டு கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும், அது பம்பை ஓட்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

மெல்லிய தையல் ஊசி, 50 மில்லி ஊசி போடும் சிரிஞ்ச் (ஊசி இல்லாமல்), ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் கிளிப்பை நெம்பும் தட்டையான கருவி, மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், ஒரு வாளி, பழந்துணி. லீவரை இழுக்க உடன் ஒருவர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். கையுறை போடுங்கள். வாஷர் திரவங்கள் பலவற்றில் மெத்தனால் இருக்கிறது. அது நஞ்சு, தீயும் பிடிக்கும். ஹோஸில் வாய் வைத்து ஊதும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். அதற்குத்தான் சிரிஞ்ச்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். இன்ஜின் ஆறட்டும். சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது, ஜாக்கி ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.

முதல் சோதனை: காதால் கேட்பது

முதலில் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டேஷ்போர்டில் 'தண்ணீர் குறைவு' விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த சென்சாரே கசடு பிடித்துச் சிக்கியிருக்கலாம், பல கார்களில் அந்த விளக்கே கிடையாது. டேங்க் நிரம்பும் வரை ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகினால் கோளாறு அங்கேயே பிடிபட்டது.

அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் வையுங்கள். ஏசி ஃபேன், ரேடியோ எல்லாம் அணைந்திருக்கட்டும். உடன் இருப்பவரை லீவரை இரண்டு மூன்று விநாடி இழுக்கச் சொல்லிவிட்டு டேங்க் இருக்கும் பக்கம் காதை வையுங்கள். சில மாடல்களில் பானெட் திறந்திருந்தால் வைப்பரும் வாஷரும் ஓடாதபடி செய்திருப்பார்கள். அப்படியானால் பானெட்டை மூடிக்கொண்டு சக்கரத்துப் பக்கம் குனிந்து கேளுங்கள்.

'உர்ர்ர்' என்று மோட்டார் சத்தம் கேட்டால் மின்சாரம் வந்து சேர்கிறது. ஃபியூஸையும் வயரையும் தொட வேண்டாம், தண்ணீரின் வழியைத் தேடுங்கள். சத்தமே இல்லையென்றால் நாஸிலைக் குடைவதில் பயனில்லை, மின்சாரத்தின் வழியைத் தேடுங்கள். ஒரு 'டிக்' மட்டும் கேட்டு நின்றால், ரிலே வேலை செய்கிறது, பம்ப் இறுகிப்போயிருக்கிறது அல்லது ரிலேவுக்கு அப்பால் வயர் அறுந்திருக்கிறது. வழக்கத்தை விட மெல்லிய, சுருதி ஏறிய சத்தம் கேட்டால் பம்ப் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது; உள்ளே போகும் வாயில் அடைப்பு.

இந்த ஒரு நிமிடச் சோதனைதான் மிச்ச வேலை முழுவதையும் தீர்மானிக்கிறது. இதைச் செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்.

சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை

ஒரு நாஸிலில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் பம்பும் பொது ஹோஸும் நன்றாக இருக்கின்றன. வராத நாஸிலிலோ, டி இணைப்பிலிருந்து அதற்குப் போகும் ஒரு முழ ஹோஸிலோதான் அடைப்பு. இரண்டிலும் வரவில்லை என்றால் பம்பிலிருந்து டி இணைப்பு வரை தேட வேண்டும்.

நாஸிலைப் பார்க்கும்போது அது எந்த வகை என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். பழைய வகையில் குண்டூசித் தலை அளவு உருளைக்குள் ஒரு நேர்த்துளை இருக்கும். தண்ணீர் கோடாகப் பீய்ச்சும். இதில் ஊசியை மெதுவாக விட்டு, ஒருமுறை சுழற்றி எடுக்கலாம். அழுத்திக் குத்தினால் கசடு இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஊசி முறிந்து உள்ளே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. புதிய வகை, தண்ணீரை விசிறி போல விரித்துத் தூவும். அதன் வாய் நீள்சதுரப் பிளவாக இருக்கும். உள்ளே தண்ணீரை ஆட்டிவிடும் நுண்ணிய வழிகள் உண்டு. இதில் ஊசி படவே கூடாது. ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் தூவல் கோணிக்கொள்ளும்.

இரண்டு வகைக்கும் பொருந்தும் முறை, பின்பக்கமாகத் தள்ளுவது. கசடு உள்ளேயிருந்து வந்து வாயில் அடைத்தது; வந்த வழியே அதை வெளியேற்ற வேண்டும். பானெட் அடியில் நாஸிலின் ஹோஸைக் கழற்றுங்கள். நாஸிலின் இரு பக்கக் கிளிப்பை விரலால் அழுத்தினால் அது மேலே வந்துவிடும். அதில் மின்கம்பி இணைந்திருந்தால் அது சூடேற்றும் நாஸில். கனெக்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள். உள்ளங்கையில் வைத்து, வெளிவாயில் சிரிஞ்சை அழுத்திப் பிடித்து வெந்நீரைச் செலுத்துங்கள். பச்சையோ வெள்ளையோ ஒரு துணுக்கு பின்வாயில் வந்து விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளையாக இருந்தால் அது கடின நீரின் உப்புக்கறை. சூடான வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மறுபடி தள்ளினால் கரைந்துவிடும். சூடேற்றும் நாஸிலை வினிகரில் முழுக்காதீர்கள், சிரிஞ்சால் துளைக்குள் மட்டும் விடுங்கள்.

நாஸில் கழன்றிருக்கும்போதே ஹோஸைச் சோதித்துவிடலாம். ஹோஸின் நுனியை வாளிக்குள் விட்டு லீவரை இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வலுவாக வந்தால் குற்றவாளி நாஸில் மட்டுமே. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ ஒவ்வொரு இணைப்பாகப் பம்பை நோக்கிப் பின்வாங்குங்கள். டி இணைப்புக்கு முன்னால் ஒருமுறை, வால்வுக்கு முன்னால் ஒருமுறை, கடைசியாகப் பம்பின் வாயில். எந்த இடத்தில் தண்ணீர் வலுவாகக் கிடைக்கிறதோ, அதற்கும் அதற்கு முன் சோதித்த இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

ஹோஸ் கெடும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: பானெட் கீல். ஒவ்வொரு முறை பானெட் திறந்து மூடும்போதும் ஹோஸ் அங்கே மடிந்து நிமிர்கிறது. வருடங்கள் ஆக ஆக ரப்பர் விறைத்து, மடிப்பில் நீளவாக்கில் வெடிக்கும். மூடிய நிலையில் வெடிப்பு அடைத்துக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் வளைத்துப் பார்த்தால்தான் வாய் திறக்கும். பானெட்டை அண்மையில் யாராவது கழற்றி மாட்டியிருந்தால் கீலுக்கு அடியில் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எலி கடித்த தடமும் இருக்கலாம். எலி கடித்திருந்தால் பக்கத்து வயர்களையும் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

வெடித்த ஹோஸின் மேல் டேப் சுற்றுவது நிற்காது. தண்ணீர் அழுத்தத்தில் சில நாளில் அவிழும். வெடித்த பகுதி நுனியில் இருந்தால், அதை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டுங்கள். நடுவில் இருந்தால் வெட்டி, இரு முனைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் இணைப்பைச் செருகுங்கள். முழுவதும் விறைத்துப் போயிருந்தால் அதே உள்விட்டமுள்ள புது ஹோஸ் போடுங்கள். பழைய துண்டைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவதுதான் சரி. மாட்ட வராமல் முரண்டு பிடித்தால் ஹோஸ் நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் வையுங்கள், இளகி வழுக்கிக்கொண்டு ஏறும். கிரீஸ், ஆயில் எதுவும் தடவ வேண்டாம். பெட்ரோலியப் பொருள்கள் ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும்.

ஒருவழி வால்வு கெட்டால் வேறு மாதிரி தெரியும். லீவரை இழுத்து இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் தண்ணீர் வரும். உடனே மறுபடி இழுத்தால் சட்டென்று வரும். தண்ணீர் டேங்குக்குத் திரும்பி வடிந்துவிடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். வால்வு தனியாக இருந்தால் கழற்றி, சிரிஞ்சால் காற்றைச் செலுத்துங்கள். அதன் மேலுள்ள அம்புக்குறியின் திசையில் காற்று போக வேண்டும், எதிர்த்திசையில் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனாலும், இரண்டு பக்கமும் போகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மாட்டும்போது அம்பு நாஸிலைப் பார்த்திருக்க வேண்டும்.

பம்பின் வாயிலேயே தண்ணீர் வரவில்லை, ஆனால் மோட்டார் சுற்றுகிறது என்றால் இரண்டே காரணங்கள்: வலை வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது பம்புக்குள் விசிறி தண்டிலிருந்து கழன்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது. எதுவானாலும் பம்பைக் கழற்ற வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

சத்தமே இல்லை என்றால்

ஃபியூஸிலிருந்து ஆரம்பியுங்கள். காரின் கையேட்டிலோ ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ எது வாஷருக்கானது என்ற படம் இருக்கும். பல கார்களில் வைப்பரும் வாஷரும் ஒரே ஃபியூஸில் இருக்கும், சிலவற்றில் தனித்தனி. பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் உள்ள உலோக இழை அறுந்திருந்தால் அதே ஆம்பியர் எண்ணுள்ளதைப் போடுங்கள். நிறம் உதவும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். புது ஃபியூஸும் உடனே அறுந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது அல்லது பம்ப் மோட்டார் இறுகியிருக்கிறது. பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டு லீவரை இழுங்கள். இப்போது அறாவிட்டால் பம்ப்தான் காரணம். அப்போதும் அறுந்தால் வயரில் ஷார்ட். பெரிய ஃபியூஸ் போடுவதும், அலுமினியத் தாளைச் சுற்றுவதும் வயரை எரிக்கும் வேலை. அதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் பம்பின் கனெக்டருக்குப் போங்கள். கழற்றி உள்ளே பாருங்கள். சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடம் என்பதால் முள்ளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பது சகஜம். மின்தொடர்பு துப்புரவு ஸ்ப்ரே அடித்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். இதிலேயே உயிர் வந்துவிடும் பம்புகள் உண்டு.

வரவில்லையா, மல்டிமீட்டரை டிசி வோல்ட் நிலையில் வைத்து கனெக்டரின் இரு முனையிலும் கம்பிகளை வையுங்கள். லீவரை இழுக்கும்போது 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் ஒரே பம்ப் உள்ள கார்களில் முன்பக்கத்துக்கு ஒரு திசையிலும் பின்பக்கத்துக்கு எதிர்த்திசையிலும் மின்சாரம் போகும். மோட்டார் சுற்றும் திசை மாறி, தண்ணீர் வேறு வாய்க்குப் போகும். அப்போது மீட்டரில் 12க்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் பதற வேண்டாம், அது அப்படித்தான் வர வேண்டும்.

மீட்டர் நம்மை ஏமாற்றும் இடமும் இதுதான். வயரின் பத்து இழைகளில் ஒன்பது அரித்துப் போயிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. பம்ப் இணைந்து சில ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் வெளியே வரும். அதனால் வோல்ட் வந்தும் பம்ப் சுற்றாதபோது, பம்ப் கெட்டது என்று முடிவு கட்டும் முன் கனெக்டர் முனைகளில் ஃபிலமென்ட் பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது. மங்கலாக எரிந்தால் வயரிலோ எர்த்திலோ அரிப்பு.

எது என்று பிரிக்க, லாம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்து மறு முனையைக் கனெக்டரின் பிளஸ்ஸில் வையுங்கள். இப்போது பளிச்சென்று எரிந்தால் பிளஸ் பக்கம் நல்லது, எர்த் பக்கம்தான் கெட்டிருக்கிறது. எர்த் வயர் காரின் உடலில் திருகப்பட்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, துருவைத் தேய்த்து இறுக்குங்கள். முன்னும் பின்னும் ஒரே பம்ப் உள்ள காரில் எர்த்தும் சுவிட்ச் வழியாகவே போவதால் இந்தப் பிரிப்பு நேராகப் பொருந்தாது.

லாம்ப் நன்றாக எரிகிறது, பம்ப் சுற்றவில்லை: பம்ப் முடிந்தது. உறுதிசெய்ய, சரியான ஃபியூஸ் இடையில் வைத்த இரண்டு வயரைப் பேட்டரியிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஓரிரு விநாடி போதும். தண்ணீர்தான் பம்பைக் குளிர்விக்கிறது, வறண்ட நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் நல்ல பம்பும் கெடும். நீண்ட நாள் சும்மா கிடந்து இறுகிய பம்பை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் சில நேரம் சுற்ற ஆரம்பிக்கும். ஆனால் அது தற்காலிகம். மாற்றுவதற்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

கனெக்டருக்கு மின்சாரமே வரவில்லை என்றால் லீவரை இழுக்கும்போது வைப்பர் அசைகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் வாஷர் இழுத்தால் வைப்பரும் இரண்டு மூன்று வீச்சு வீசும். வைப்பர் வீசுகிறது, பம்புக்கு மட்டும் மின்சாரம் இல்லை என்றால் லீவரின் தகவல் போய்ச் சேர்கிறது. ரிலேயிலோ வயரிலோ கட்டுப்பாட்டு கம்ப்யூட்டரிலோ தேட வேண்டும். வைப்பரும் வீசவில்லை, ஆனால் மற்ற வேகங்களில் வைப்பர் நன்றாக ஓடுகிறது என்றால் லீவரின் வாஷர் தொடர்புதான் தேய்ந்திருக்கிறது. லீவர் சுவிட்ச் இருப்பது ஏர்பேக்குக்கு அடியில். ஸ்டியரிங்கைப் பிரிக்க வேண்டிய அந்த வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் சந்தேகம் வந்தாலும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதே சரி. அங்கே போகும்போது 'கனெக்டரில் வோல்ட் வரவில்லை, ஃபியூஸ் நல்லது, பம்ப் நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது' என்று சொல்ல முடிந்தால், தேவையில்லாத பாகம் எதுவும் உங்கள் பில்லில் ஏறாது.

பம்பைக் கழற்றி மாட்டுவது

டேங்க் பானெட்டுக்குள்ளேயே முழுதாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஸ்டியரிங்கை டேங்க் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக முழுதாக ஒடித்துவைத்து, பிளாஸ்டிக் உறையின் முன்பாதிக் கிளிப்புகளை மட்டும் கழற்றி மடக்கினால் பல கார்களில் கை போகும். கிளிப்பின் நடுமுள்ளை முதலில் கால் அங்குலம் வெளியே இழுத்துவிட்டு, பிறகு முழுக் கிளிப்பையும் நெம்புங்கள். நடுமுள்ளோடு சேர்த்துப் பிடுங்கினால் உடைந்துவிடும்.

ஹோஸ் எந்த வாயில் இருக்கிறது என்பதைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டு வாய் உள்ள பம்பில் ஹோஸ் மாறிப்போனால் முன்கண்ணாடிக்கு லீவரை இழுக்கும்போது பின்கண்ணாடி நனையும். வாளியைக் கீழே வையுங்கள். பம்ப் வெளியே வந்த அடுத்த நொடி டேங்கில் உள்ள அத்தனை தண்ணீரும் கொட்டும். கனெக்டர், ஹோஸ் இரண்டையும் கழற்றிய பின், பம்பின் மேல்பகுதியை டேங்கின் பள்ளத்திலிருந்து உங்கள் பக்கம் சாய்த்து, லேசாக ஆட்டிக்கொண்டே மேல்நோக்கி இழுங்கள். ஸ்க்ரூ எதுவும் இருக்காது. ரப்பர் புஷ்ஷின் பிடியில்தான் அது நிற்கிறது.

இப்போது ரப்பர் புஷ்ஷையும் விரலால் நெம்பி எடுங்கள். உள்ளே உள்ள வலையைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று பச்சைப் படலம், இலைத் துணுக்கு, சில நேரம் கோழை போன்ற ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோழை, ஒத்துவராத இரண்டு வகை வாஷர் திரவங்கள் கலந்ததால் திரண்டது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் வலை புதிதாகும். பம்ப் சுற்றியும் தண்ணீர் வராத கார்களில் வேலை பெரும்பாலும் இங்கேயே முடிகிறது. வலை அடைக்கிறது என்று அதைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அப்புறம் அதே கசடு நாஸிலில் போய் அடைக்கும், அங்கே எடுப்பது இதை விடக் கடினம்.

பம்ப் வெளியே இருக்கும்போது டேங்கையும் கழுவிவிடுங்கள். துளை வழியாக உள்ளே இருப்பது எல்லாம் வெளியேறும் வரை மேலிருந்து வெந்நீர் ஊற்றினால் போதும். கொதிநீர் வேண்டாம். பாசி விடாப்பிடியாக இருந்தால் டேங்கைக் கழற்றி, கைப்பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கினால் மூலை முடுக்கெல்லாம் உரிந்து வரும். ஒரு அரிசி கூட உள்ளே தங்காமல் அலசி எடுக்க வேண்டும்.

புது பம்ப் வாங்கும்போது கனெக்டரின் வடிவம், வாய்களின் எண்ணிக்கை, ரப்பருக்குள் போகும் தண்டின் பருமன் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ரப்பர் விறைத்திருக்கும். அதில் புது பம்பைச் செருகினால் மறுநாள் காலை டேங்க் காலியாகிக் கிடக்கும். ரப்பரைத் தண்ணீரில் நனைத்து டேங்கில் பொருத்தி, பம்பின் தண்டையும் நனைத்து நேராக அழுத்துங்கள். 'தொப்' என்று உட்காருவது கையில் தெரியும். உறையை மூடும் முன் டேங்கை நிரப்பி, ஒரு காகிதக் கைக்குட்டையை ரப்பரைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நனையாமல் இருந்தால் மூடலாம்.

டேங்கே விரிசல் விட்டிருந்தால் பசை வேலைக்கு ஆகாது. இந்த டேங்குகள் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். சாதாரண பசையும் எபாக்சியும் இவற்றில் பற்றாமல் உரிந்துவிடும். பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவர் ஒட்டித் தரலாம். இல்லையென்றால் டேங்கை மாற்றுவதே நிம்மதி.

பின்கண்ணாடி வாஷர்

முன்பக்கம் நன்றாக இருந்து பின்பக்கம் மட்டும் வராவிட்டால் தள்ளிப்போடாமல் உடனே பாருங்கள். முன்பக்க ஹோஸ் கழன்றால் தண்ணீர் தரையில் விழும். பின்பக்க ஹோஸ் காரின் தரை ஓரமாகவோ கூரை ஓரமாகவோ உள்ளுக்குள்ளேயே ஓடுகிறது. அது கழன்றால் தண்ணீர் கார்ப்பெட்டிலும் கூரைத் துணியிலும் வயர் கனெக்டர்களிலும் இறங்கும். காருக்குள் ஈர வாடை, டிக்கி ஓரத்தில் ஈரம், கூரைத் துணியில் கறை தெரிந்தால் அதைச் சரிசெய்யும் வரை பின்வாஷரை இயக்காதீர்கள்.

அது விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் காரின் உடலுக்கும் டிக்கி கதவுக்கும் நடுவே உள்ள மடிப்பு ரப்பர் குழாய். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே ஹோஸும் வயர்களும் வளைகின்றன. ரப்பரின் ஒரு முனையை நெம்பி எடுத்து உள்ளே பார்த்தால் வெடிப்போ கழன்ற இணைப்போ தெரியும். அங்கே இணைக்கும்போது ஹோஸில் சற்றுத் தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி கழலும்.

தாரையைக் குறிவைப்பது

எல்லாம் மாட்டிய பின் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். உருளை வகை நாஸிலில் ஊசியைத் துளையில் வைத்து மயிரிழை அளவு சாய்த்தாலே கண்ணாடியில் ஒரு சாண் நகரும். கார் நிற்கும்போது தாரை கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே படும்படி வையுங்கள். வேகத்தில் காற்று அதைக் கீழே அமுக்கும், அப்போது வைப்பரின் வீச்சுக்குள் சரியாக விழும். விசிறி வகையில் சிலவற்றுக்கு அடியில் திருகு உண்டு, சிலவற்றை மாற்றவே முடியாது. நாஸிலை நெம்பி உடைத்துவிடாமல் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

எதை ஊற்றுவது

வெறும் தண்ணீர் ஊற்றுவதுதான் மேலே சொன்ன கோளாறுகளில் பாதிக்கு வேர். பாசி பிடிக்கும், கடின நீரானால் உப்புப் படியும். உறையும் குளிரில் தண்ணீர் பனியாகி ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து டேங்கையும் பம்பையும் பிளக்கும். உடம்புக்கும் நல்லதல்ல. லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளரக்கூடியது. வாஷர் திரவம் கலக்காத வாகனங்களில் பயணிப்பதற்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைப் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள்.

கடையில் கிடைக்கும் வாஷர் திரவத்தை, டப்பாவில் சொன்ன அளவில், முடிந்தால் தாது நீக்கிய நீரில் கலந்து ஊற்றுங்கள். குளிர் உள்ள இடமானால் எத்தனை டிகிரி வரை உறையாது என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம்; நுரைத்து, காய்ந்து, கண்ணாடியில் படலம் போடும். ரேடியேட்டர் கூலன்ட்டைத் தவறுதலாக வாஷர் டேங்கில் ஊற்றிவிட்டால் லீவரைத் தொடாதீர்கள். எண்ணெய் பூசியதுபோல் கண்ணாடி மறைந்துவிடும். பம்பைக் கழற்றி முழுவதும் வடித்து, மூன்று நான்கு முறை அலசிய பிறகு மாட்டுங்கள். வேறு பிராண்டுக்கு மாறும்போதும் பழையதை முழுக்கப் பீய்ச்சித் தீர்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பழுது பார்த்த முதல் வாரம் இரண்டு மூன்று முறை டேங்கின் மட்டத்தைக் கவனியுங்கள். லீவரை இழுக்காமலே மட்டம் இறங்கினால் ரப்பர் புஷ்ஷையும், பம்பிலிருந்து கிளம்பும் முதல் இணைப்பையும் மறுபடி தடவிப் பாருங்கள்.